கேபிளை நிறுத்தும் முன் ஒரு மாதம் பொறுங்கள்: வீட்டு டிவியை ஸ்ட்ரீமிங்குக்கு மாற்றும் வழி

என் அம்மா ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய டிவியில் நெட் வழியாகப் படமும் சேனலும் காட்டுகிற ஒரு ஸ்டிக்கைச் செருகி, நாலு ஆப் போட்டுக் கொடுத்து, கேபிள்காரரைக் கூப்பிட்டு "இந்த மாசத்தோட நிறுத்திடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தபோதுதான் தெரிந்தது, அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சீரியல் பார்த்துவிட்டு வருகிறார் என்று. நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் சொல்லவில்லை. டிவி, ஸ்டிக், நெட் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. இருபது வருடமாக ரிமோட்டில் நம்பர் தட்டிச் சேனல் மாற்றியவருக்கு, நம்பரே இல்லாத ஒரு ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கேபிளைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓடவிட்டு நிதானமாக மாற்றினேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டில் மூன்று நாலு இடத்தில் செய்து கொடுத்ததில் கற்றதையும் சேர்த்து, முதல்முறை செய்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் வேலை: ஒரு நோட்டு

கடைக்குப் போக வேண்டாம், எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம். ஒரு வாரம், வீட்டில் யார் எந்த நேரத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். சேனல் பேரை மட்டும் எழுதினால் போதாது, நிகழ்ச்சியின் பேரும் வேண்டும். முந்நூறு சேனல் வருகிற வீட்டில்கூட உண்மையில் பார்ப்பது ஏழெட்டுதான் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த ஆப்பில் கிடைக்கும் என்று குறியுங்கள். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்டில். விஜய் டிவி நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரில் (பழைய டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் சேர்ந்து உண்டானது). ஜீ தமிழ் என்றால் ஜீ5. செய்தி மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. டிடி தமிழ், அதாவது நம் பழைய பொதிகை, பார்க்கிறவர் வீட்டில் இருந்தால் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வெளியிட்ட வேவ்ஸ் ஆப்பைப் போட்டுப் பாருங்கள்.

கிரிக்கெட்தான் குழப்பம். ஐபிஎல் ஜியோஹாட்ஸ்டாரில் வருகிறது, ஆனால் 2025 செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பை சோனி லிவ்வில் வந்தது. தொடருக்குத் தொடர் உரிமை மாறும், அதனால் கிரிக்கெட் பைத்தியம் இருக்கிற வீட்டில் ஒரே ஆப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஸ்ட்ரீமிங் நேரலை, கேபிளைவிடச் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூட, பின்தங்கித்தான் வரும். எதிர்வீட்டில் கேபிள் ஓடினால் அவர்கள் கத்துகிற சத்தத்தில் உங்களுக்கு விக்கெட் விழுவது முதலிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு இது தாங்க முடியாத விஷயம், என் மாமா இந்த ஒரே காரணத்துக்காகக் கேபிளை வைத்துக்கொண்டார், அவர் செய்தது சரிதான்.

உண்மையிலேயே மிச்சமாகுமா?

இதை நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் கேபிளை வெட்டினால் மாதம் பல ஆயிரம் மிச்சம் என்று யூடியூபில் சொல்வதை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் கேபிள் எப்போதுமே மலிவு. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது, 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 153 ரூபாய் சொச்சம். கட்டணச் சேனல்களுக்கு அதற்குமேல் தனிக் காசு. 2020-ல் அதே பணத்துக்கு 200 சேனல் என்றானது, 2024-ல் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் பில் எவ்வளவு என்பதை உங்கள் ரசீதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைசி மூன்று மாத ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இது. வீட்டில் பிராட்பேண்ட் ஏற்கெனவே இருந்து, ஏதாவது ஓர் ஓடிடிக்கும் (சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் மாதிரி நெட்டில் ஓடும் ஆப்) பணம் கட்டிக்கொண்டிருந்தால், கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ கட்டுவது ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பது மாதிரி, தாராளமாக மாறலாம். பிராட்பேண்ட் இல்லாத, இருநூறு முந்நூறு ரூபாயில் கேபிள் ஓடுகிற வீட்டில், காசு மிச்சப்படுத்துவதற்காக மட்டும் மாறாதீர்கள், மிச்சமாகாது. வேறு காரணம் இருந்தால், பேரப்பிள்ளைகள் படிக்க நெட் வேண்டும், பிடித்த நேரத்தில் பார்க்க வேண்டும், வீடியோ கால் பேச வேண்டும் என்பதுபோல, அப்போது மாறுங்கள்.

நெட்

டிவியில் ஒரு ஹெச்டி படம் தடங்கலில்லாமல் ஓட 5 எம்பிபிஎஸ் வேகம் போதும், 4கே என்றால் 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்பிளிக்ஸ் சொல்கிற கணக்கு. ஆக 30 அல்லது 40 எம்பிபிஎஸ் திட்டமே ஒரு சாதாரண வீட்டுக்குத் தாராளம். 300 எம்பிபிஎஸ் வாங்கினால்தான் படம் நன்றாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேகத்தைவிட டேட்டாவைக் கவனியுங்கள். ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற ரீசார்ஜ் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும், சீரியல் முடிந்து அடுத்தது தொடங்கும்போது சுற்றிக்கொண்டே நிற்கும். தினமும் நாலு மணி நேரம் டிவி ஓடும் வீட்டுக்கு மாதம் 360 ஜிபி வேண்டும், இது பைபர் இணைப்பில்தான் கட்டுப்படியாகும். பைபர் வராத தெருவாக இருந்தால் ஜியோவும் ஏர்டெல்லும் தருகிற ஏர்பைபர் இருக்கிறது, மொட்டைமாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி சிக்னலை வாங்கித் தருவார்கள். சின்ன ஊர்களில் உங்கள் கேபிள்காரரே பிஎஸ்என்எல் பைபரோ வேறு நெட்டோ கொடுப்பவராக இருக்கலாம், முதலில் அவரிடம் கேளுங்கள். மழையில் வயர் அறுந்தால் அன்றே ஏணியோடு வந்து நிற்பவர் அவர்தான்.

ரவுட்டரை எங்கே வைக்கச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். பைபர் போட வருகிறவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். கூடவே நின்று, டிவி இருக்கிற அறைக்கோ அதற்கு அடுத்த அறைக்கோ வயரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும்: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 தூரம் போகும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வைஃபைகளோடு இடிக்கும். டிவி அதே அறையில் இருந்தால் 5-ல் இணையுங்கள், நடுவில் இரண்டு செங்கல் சுவர் இருந்தால் 2.4.

அப்புறம் கரண்ட். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி ஓடும், ரவுட்டர் அந்த லைனில் இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் என்று ரவுட்டருக்கென்றே விற்கிறார்கள். வாங்குமுன் உங்கள் ரவுட்டர் அடாப்டரின் பின்னால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பொருத்தமாக வாங்குங்கள்.

எந்தக் கருவி

உங்கள் டிவி ஏற்கெனவே ஸ்மார்ட் டிவியாக இருந்தால் முதலில் அதிலேயே நோட்டில் எழுதிய ஆப்கள் எல்லாம் கிடைக்கின்றனவா, வேகமாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். கிடைத்தால் ஒன்றும் வாங்க வேண்டாம். நாலைந்து வருடம் ஆன டிவிகளில் ஆப் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும், சில ஆப்கள் பழைய மாடல்களுக்கு வருவதை நிறுத்திவிடும். அப்படி ஆனால் டிவியை மாற்றாதீர்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான், ஆனாலும் நல்ல திரையை வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றினால் போதும். அந்த மூளைதான் ஸ்டிக்.

அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், ஷாவ்மி மாதிரி நிறுவனங்களின் கூகுள் டிவி பெட்டிகள், பிராட்பேண்ட் நிறுவனமே தருகிற செட்டாப் பாக்ஸ், இவைதான் நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவை. சாதா ஹெச்டி டிவிக்கு 4கே ஸ்டிக் தேவையில்லை. நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: அதன் ரிமோட்டில் டிவியை ஆன் செய்யும் பட்டனும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டனும் இருக்கின்றனவா? இருந்தால் பழைய டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடலாம். இரண்டு ரிமோட்டோடு ஒரு பெரியவரைத் திண்டாட விடாதீர்கள்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. "ஆயுளுக்கும் எல்லாச் சேனலும் இலவசம்" என்று சொல்லி விற்கிற பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை வாங்காதீர்கள். சேனல்களைத் திருடித் தருவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருக்காது, அதனால் நீங்கள் காசு கட்டிய ஓடிடியில்கூடப் படம் மங்கலாகத்தான் வரும், ஹெச்டி வராது. மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. பேட்பாக்ஸ் என்ற தீங்கு மென்பொருள், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளுக்குள் இருந்திருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அப்படிப் பாதிக்கப்பட்ட 30,000 கருவிகள் குற்றவாளிகளின் சர்வரோடு வைத்திருந்த தொடர்பைத் துண்டித்தது, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. நீங்கள் பேங்க் ஆப் திறக்கிற அதே வைஃபையில் அந்தப் பெட்டியும் உட்கார்ந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

குண்டு டிவி வைத்திருப்பவர்களுக்கு: அதில் ஸ்டிக்கைச் செருகுகிற ஹெச்டிஎம்ஐ துளை இருக்காது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்கு மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் கிடைக்கிறது, படம் ஓடும், எழுத்துகள் படிக்கக் கஷ்டமாக இருக்கும்.

செருகுவது

டிவியின் பின்புறம் ஹெச்டிஎம்ஐ 1, 2 என்று எழுதியிருக்கும். எந்த நம்பரில் செருகுகிறீர்கள் என்று நினைவில் வையுங்கள். சுவரோடு ஒட்டிய டிவியில் ஸ்டிக் இடித்தால் பெட்டிக்குள் ஒரு குட்டி நீட்டிப்பு வயர் இருக்கும், அதைப் போடுங்கள். மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அது அரை ஆம்ப்தான் தரும், ஸ்டிக் பாதிப் படத்தில் தானாக அணைந்து எழும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

டிவியின் செட்டிங்ஸில் ஹெச்டிஎம்ஐ-சிஇசி என்று ஒன்றைத் தேடி ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பேர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இது ஆன் ஆகியிருந்தால் ஸ்டிக் ரிமோட்டின் வீட்டுப் படம் போட்ட பட்டனை அழுத்தியதும் டிவி எழுந்து தானாகவே சரியான ஹெச்டிஎம்ஐக்குப் போய் நிற்கும். அம்மா வீட்டில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது இந்த ஒரு செட்டிங்தான்.

முதல் தடவை ஆன் செய்ததும் அப்டேட் கேட்கும், அரை மணி நேரம்கூட ஆகும், பொறுமையாக விட்டுவிடுங்கள். ஆப்களில் லாகின் செய்யும்போது டிவியில் ஒரு எண்ணோ க்யூஆர் கோடோ காட்டும், அதைப் போனில் அடித்தால் போதும், ரிமோட்டில் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டியதில்லை. பெற்றோர் வீட்டுக்குச் செய்கிறீர்கள் என்றால் அவர்கள் போன் நம்பரிலேயே கணக்குத் தொடங்குங்கள். உங்கள் நம்பரில் தொடங்கினால் ஒவ்வொரு தடவை ஓடிபி கேட்கும்போதும் நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். யூடியூபிலும் அவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும், அப்போதுதான் அவர்கள் பார்ப்பதற்கு ஏற்ற வீடியோக்கள் முன்னால் வந்து நிற்கும்.

பிறகு தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள். பல ஸ்டிக்குகளில் சேமிப்பு இடமே 8 ஜிபிதான், நிரம்பினால் ஆமை வேகம். நோட்டில் இருக்கிற ஆப்களை மட்டும் முதல் வரிசையில் கொண்டுவந்து வையுங்கள், அதிகம் பார்ப்பது முதலாவது. காசு கொடுத்து வாங்கும் இடங்களுக்கு ரகசிய எண் (PIN) போட்டுவிடுங்கள், தெரியாமல் அழுத்தி வாடகைப் படம் வாங்கிவிடாமல் இருக்கும்.

கற்றுக் கொடுப்பது

இதற்குத்தான் நேரம் அதிகம் ஒதுக்க வேண்டும். ரிமோட்டை நீங்கள் வாங்கிச் செய்து காட்டாதீர்கள், அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும். முதல் நாள் ஆன் செய்து செய்தி போடுவது. மறுநாள் சீரியல். அதற்கடுத்த நாள், விட்டுப்போன நேற்றைய பகுதியைக் கண்டுபிடிப்பது. இதைக் கற்ற அன்று அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போனதால் விட்டுப்போன மூன்று நாள் கதையையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தார்.

சீரியலை அந்தந்த நேரத்தில் ஓடுகிற சேனலாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சன் நெக்ஸ்டில் நேரலைச் சேனல்களும் உண்டு, அதையே முதலில் காட்டுங்கள், பழைய பழக்கத்துக்கு அது பக்கம். மைக் பட்டனை அழுத்திச் சீரியல் பேரை மட்டும் சொன்னாலும் பெரும்பாலும் வந்துவிடும்.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டுங்கள்: "வீடு பட்டன். வலது பக்கம் இரண்டு தடவை. நடு பட்டன்." ஃபயர் ஸ்டிக் என்றால் இன்னும் இரண்டு வரி சேருங்கள். படம் உறைந்துவிட்டால் நடு பட்டனையும் ஓடு-நிறுத்து பட்டனையும் சேர்த்து ஐந்து நொடி அழுத்தினால் ஸ்டிக் புதிதாக எழும். ரிமோட் வேலை செய்யாவிட்டால் பேட்டரி மாற்றி, வீடு பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டு வரி எத்தனையோ போன் அழைப்புகளை மிச்சப்படுத்தியது.

சந்தாவில் கவனம்

முதலில் எல்லாவற்றையும் ஒரு மாதத் திட்டமாகவோ, கிடைக்கிற மிகக் குறைந்த காலத் திட்டமாகவோ எடுங்கள். வருடச் சந்தா மலிவுதான், ஆனால் மூன்று மாதம் தொடாத ஆப்புக்கு வருடக் காசு கட்டியிருப்பது வீண். எடுக்கும்போது "டிவியில் ஓடுமா" என்று பாருங்கள். நெட்பிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், டிவியில் ஓடாது. போன் ரீசார்ஜோடு இலவசமாக வருகிற ஓடிடிகளும் பல சமயம் அப்படிப்பட்ட மொபைல் திட்டம்தான். பிரைம் வீடியோவில் 2025 ஜூன் முதல் விளம்பரம் வருகிறது, வேண்டாம் என்றால் மேலே தனிக் காசு. நெட்பிளிக்ஸ் கணக்கு 2023 ஜூலை முதல் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், அதனால் சென்னைக் கணக்கை ஊரில் இருக்கிற அம்மா டிவியிலும் போட்டுவிடலாம் என்ற கணக்கு வேண்டாம்.

தானாகப் பணம் பிடிக்கிற அனுமதியை மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் பட்டியல் முழுதும் இருக்கும், அங்கேயே நிறுத்தலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், அந்த எஸ்எம்எஸ் வந்தால் விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

கடைசியில் கேபிள்

இவ்வளவும் செய்தபின் ஒரு மாதம் இரண்டையும் ஓடவிடுங்கள். கேபிள் செட்டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐ 2-ல் அப்படியே விட்டு, யாரையும் தடுக்காமல், அதை எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கடைசி இரண்டு வாரம் யாரும் தொடவில்லை என்றால் நிறுத்தலாம். ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகத் தொடுகிறார்கள் என்றால் அது எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால், அந்த நிகழ்ச்சி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர்களையே கேளுங்கள்.

நெட் போகிற நாளுக்கு ஒரு மாற்று வேண்டும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரிலிருந்து ஓடுகிறது, மாதக் கட்டணமே கிடையாது, டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒரு தடவை செலவு. தமிழ்ச் சேனல்கள் குறைவு, ஆனால் புயல் நேரத்தில் செய்தி பார்க்க உதவும்.

நிறுத்துவதைக் கேபிள்காரரிடம் நேரில் சொல்லுங்கள், டிஷ் என்றால் அடுத்த ரீசார்ஜ் தேதிக்கு முன்னால் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லுங்கள். பெட்டி அவர்களுடையதா, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதா என்று முதல் ரசீதைப் பாருங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் பெட்டி, அடாப்டர், ரிமோட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வயரை அறுக்க வேண்டாம், சுருட்டி ஜன்னல் பக்கம் கட்டிவைக்கச் சொல்லுங்கள். அம்மா வீட்டில் அது இன்னும் அப்படித்தான் கிடக்கிறது.